பேட்டரி முன்னாடி, பேனல் பின்னாடி

1

போன புதன்கிழமை காலை, வாய் கொப்பளித்த கையோடு தெருவில் நின்ற வண்டியின் பின்கதவைத் திறந்து குளிர்பெட்டிக்குள் கையை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே கிடந்த தெர்மாமீட்டர் இருபத்தேழு டிகிரி காட்டியது. தொடர்ந்து மூன்றாவது நாள். "போச்சுடா" என்று வாய்விட்டே சொன்னேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்குத்தான் நான் கல்கத்தாவுக்கு வந்து முப்பத்து நான்கு வருடம் முடிந்தது. ஹௌராவில் இறங்கிய அந்தத் தேதியில் என் மனைவி செல்வி வருடா வருடம் சேமியாப் பாயசம் வைப்பாள். இந்த வருடம் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிந்த பழைய வேன் அது. என் மகள் கோமதி அதை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, படுக்க ஒரு பலகை, ஓர் அடுப்பு, சின்னதாக ஒரு குளிர்பெட்டி எல்லாம் வைத்து, கூரையில் இரண்டு சோலார் பேனல் மாட்டியிருக்கிறாள். கேம்பர்வேன் என்று பெயர். சொந்தமாக வீடு இருக்கும்போது எதற்கு உருளுகிற வீடு என்று நீங்கள் கேட்க வேண்டாம். நான் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

கோமதி டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களில் ஒலிப்பதிவு செய்கிறவள். புருலியா பக்கத்துக் கிராமங்களில் தொடங்கி ஒடிசா எல்லை வரை நான்கு மாதம் சுற்றி ஓர் ஆவணப்படத்துக்கு ஒலி பதிவு செய்யும் வேலை அவளுக்கு வந்திருக்கிறது. ஸ்டுடியோ மூலையில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தவளுக்கு இதுதான் முதல் பெரிய வேலை. போகிற இடங்களில் தங்க லாட்ஜ் கிடையாது. அதனால்தான் வண்டி.

அதில் எனக்கு என்ன வயிற்றெரிச்சல் என்றால், கோமதிக்குப் பதினொரு வயதிலிருந்து சர்க்கரை வியாதி. நம்மைப் போல மாத்திரை போட்டு ஓட்டுகிற சர்க்கரை இல்லை. தினம் நான்கு வேளை ஊசி. அந்த இன்சுலின் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். அவள் போடுகிற வகை சின்ன ஊர்களில் கிடைப்பதில்லை, மொத்தமாகக் கையில் கொண்டுபோக வேண்டும். நாற்பது டிகிரி வெயிலில் குளிர்பெட்டி நின்றால் மருந்து கெட்டுப்போகும். கெட்டுப்போனது பார்வைக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு ஊசி போட்டுக்கொள்வாள், சர்க்கரை ஏறிக்கொண்டே போகும்.

திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் உறுதி சொல்ல வேண்டும். கோமதியே ஒரு முடிவு சொல்லியிருந்தாள்.

"கோளாறு என்னன்னு தெரியலன்னா நான் போகல. வேற ஆள அனுப்பிக்கட்டும். நான் என்ன, சாகவா போறேன்?"

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். செல்வி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

2

நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன். ரயில் பெட்டிகளுக்கு அடியில் பெரிய பேட்டரிகள் தொங்கும், பார்த்திருப்பீர்கள். விளக்கும் விசிறியும் ஓடுவது அதில்தான். முப்பத்து மூன்று வருடம் யார்டில் தண்டவாளத்துக்கு நடுவே குந்தி உட்கார்ந்து அவற்றுக்கு வைத்தியம் பார்த்தேன். போன வருடம் ஓய்வு. முழங்கால் இரண்டும் போனதுதான் மிச்சம்.

வந்த புதிதில் எனக்கு வங்காளி ஓர் எழுத்து தெரியாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், ஒரு பேட்டரிப் பெட்டியைப் பார்த்து முடித்ததும் மேஸ்திரி தூரத்திலிருந்து கத்தினார்: "பாக்ஸே தாலா தாவ்!" தாலா என்றால் பூட்டு. பெட்டியைப் பூட்டச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்டது தலை. தலையைக் கொடு என்கிறாரே, உள்ளே இன்னும் ஏதோ பார்க்க வேண்டும்போல என்று பெட்டிக்குள் தலையை விட்டுவிட்டேன். மேஸ்திரி திரும்பவும் "தாலா, தாலா!" என்கிறார். நான் இன்னும் கொஞ்சம் உள்ளே நுழைக்கிறேன். அமில நெடியில் இருமிக்கொண்டே வெளியே வந்தபோது யார்டே கூடி நின்று சிரித்தது. பணி ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டவர்கள்கூட என்னைத் தாலா-தா என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கே அண்ணனுக்குத் தாதா. சுருக்கி ஒரு 'தா'. பூட்டண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கதை இப்படி என்றால் கோமதி கதை தலைகீழ். அவள் வங்காளிக்குள் பிறந்தவள். இந்தப் பகுதியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கூப்பிட ஒரு பெயர் தனியாக உண்டு. பக்கத்து வீட்டு ஷிபு-தா தொட்டிலை எட்டிப் பார்த்து இவளுக்கு 'மிஷ்டி' என்று வைத்தார். இனிப்பு என்று அர்த்தம். பதினொரு வருடம் கழித்துச் சர்க்கரை வந்தபோது அந்த மனுஷர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெயரை மாற்றிவிடலாமா என்று அழுதார். கோமதிதான் வேண்டாம் என்றாள்.

அவளுக்குத் தமிழ் வரும். ஆனால் சாப்பாட்டுத் தமிழ், காய்ச்சல் தமிழ், அம்மாவிடம் சண்டை போடுகிற தமிழ். அதைத் தாண்டினால் வங்காளி. கணக்குக் கூட்டுவதும் வங்காளி, ஊசி வலித்தால் திட்டுவதும் வங்காளி. என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். கோவில்பட்டிக்குப் போனால் என் அண்ணிக்கு மூக்கு மேல் விரல் போகும். அப்பாவை நீ, வா, போ என்கிறாளே, இதுதான் வளர்ப்பா என்று. வங்காளியில் அப்பாவை 'துமி' என்பார்கள், அது மரியாதைதான். அந்தத் துமியைத்தான் இவள் நீ என்று மொழிபெயர்க்கிறாள். இதை எத்தனை தடவை விளக்குவது? விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

வண்டிக்கு ஒயரிங் நடந்தபோது நான் ஊரில் இல்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போயிருந்தேன். தாலி கட்டுகிற நேரத்தில் கோமதி போன் செய்தாள். கெட்டிமேளச் சத்தம். மண்டபத்து வாசலுக்கு ஓடிவந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, நாலு வார்த்தை கத்திவிட்டு வைத்தேன். அவளும் தபன்-தா என்ற எலக்ட்ரீஷியனும் சேர்ந்து வேலையை முடித்துவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது வண்டி தயாராக வாசலில் நின்றது. கூரையில் பேனல் மின்னியது. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

3

வியாழக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இந்தத் தெருவில் யாராவது கையில் ஸ்க்ரூடிரைவரோடு வெளியே வந்தால் போதும், யோசனை சொல்ல ஆள் சேர்ந்துவிடும். ஷிபு-தா டீக் கோப்பையோடு வந்து வண்டிப் படியில் உட்கார்ந்தார்.

"தாதா, பேட்டரியே டூப்ளிகேட்."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்க்க வேண்டாம். இந்தக் காலத்தில் எல்லாமே டூப்ளிகேட்."

எங்கள் பேச்சு வங்காளியில்தான் நடக்கும். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். முதலில் பேனலைப் பார்த்தேன். புறா எச்சம். ஏணி போட்டு ஏறித் துடைத்தேன். அடுத்து நிழல். மரக்கிளையின் நிழல் பத்து மணிக்குமேல் ஒரு பேனலின் மூலையில் விழுகிறது. மூலையில் விழுந்தாலே போதும், பேனலின் வரவு பாதியாகிவிடும். வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தினோம். அதற்கு வேறொருவர் ஸ்கூட்டரை நகர்த்த வேண்டியிருந்தது. அவரும் யோசனை சொன்னார்.

பிறகு ஃபியூஸ் ஒவ்வொன்றாக. எல்லாம் சரி. குளிர்பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், என்னிடம் கிடந்த ஒரு பழைய பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தேன். மணியாக ஓடியது. ஆகக் குளிர்பெட்டி மேல் குற்றம் இல்லை. திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன்.

இதில் ஒன்றுதான் என்னை அரித்தது. பேனலிலிருந்து வருகிற கரண்டைப் பேட்டரிக்கு அளந்து ஊட்டுகிற ஒரு சின்னப் பெட்டி உண்டு, கன்ட்ரோலர் என்பார்கள். அது காலை பதினொரு மணிக்கே பேட்டரிக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லி ஊட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் பேட்டரியோ விடிவதற்குள் படுத்துவிடுகிறது. நிறைந்த பேட்டரி ஏன் படுக்கிறது? இரண்டில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

"விட்டுவிடுங்கள் தாதா," என்றார் ஷிபு-தா. "மிஷ்டி போக வேண்டாம் என்று ஆண்டவனே சொல்கிறான்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இன்சுலின் விஷயத்தில் கோபித்துக்கொள்ள முடியாத மனுஷர் அவர். முன்பு ஒரு புயலில் நான்கு நாள் இங்கே கரண்ட் இல்லை. தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. கோமதியின் மருந்தை வைத்துக்கொண்டு நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, இடுப்பளவுத் தண்ணீரில் போய் மீன் சந்தையிலிருந்து ஐஸ் கட்டி கொண்டுவந்தவர் அவர்தான். நான்கு நாளும் கொண்டுவந்தார். மருந்துப் பெட்டியில் அடித்த இலிஷ் மீன் வாடை ஒரு மாதம் போகவில்லை. எங்கள் வீட்டில் கோழி முட்டைகூட நுழைந்ததில்லை. அந்தப் பெட்டியைத் தினமும் கழுவி வைத்தது செல்விதான்.

புருலியாவில் எந்த ஷிபு-தா ஐஸ் தூக்கிக்கொண்டு வருவார்?

4

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி வண்டியாக இருந்ததை இப்படி மாற்றியதற்கு அரசாங்கப் பதிவு வேண்டுமாம். அதற்காக அலிப்பூர் பக்கம் ஓர் அலுவலகத்துக்கு நானும் கோமதியும் மூன்று தடவை நடந்தோம். முதல் தடவை படிவம் பழையது. இரண்டாம் தடவை அவள் பெயருக்குப் பின்னால் இருந்த 'எஸ்' யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அப்படியானால் உங்கள் குடும்பப் பெயர் என்ன என்றார்கள். இல்லை என்றேன். குடும்பம் இருக்கிறது, பெயர் இல்லையா என்று அந்த கிளார்க் உண்மையாகவே பரிதாபப்பட்டார். முப்பத்து நான்கு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

மூன்றாம் தடவை கோமதியே படிவத்தை நிரப்பினாள். நான் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் எங்கள் டாலிகஞ்ச் வீட்டை எழுதினாள்.

நான் இந்த ஊரில் எழுதிய அத்தனை படிவங்களிலும் அந்த இடத்தில் கோவில்பட்டி என்றுதான் எழுதியிருக்கிறேன். அங்கே இப்போது அண்ணன் வீட்டில் எனக்கென்று ஒரு பாய்கூடக் கிடையாது. இருந்தாலும் கை தானாக எழுதும்.

"அங்க கோவில்பட்டி போடணும்மா," என்றேன்.

"ஏன்? அங்க எனக்கு யாரு லெட்டர் போடுவா?"

கிளார்க் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் சுருக்கென்றது.

5

வெள்ளிக்கிழமை மதியம் கோமதி ஸ்டுடியோவுக்குப் போயிருந்தாள். ஷிபு-தா தூங்கிக்கொண்டிருந்தார். ஆள் தொல்லை இல்லாமல் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்தேன்.

டிரைவருக்குப் பக்கத்து இருக்கைக்கு அடியில் பேட்டரி. அதன் முனையில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு புள்ளி இரண்டு. பரவாயில்லை. பின்னால் போய்க் குளிர்பெட்டியின் பிளக்கில் வைத்தேன். அதே பன்னிரண்டு புள்ளி இரண்டு. அப்படியே குந்தி உட்கார்ந்து காத்திருந்தேன். கம்ப்ரஸர் 'டக்' என்று கிளம்பிய அந்த நொடியில் மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. பதினொன்று, அதற்கும் கீழே. குளிர்பெட்டி ஒரு தடவை முனகிவிட்டு அணைந்தது.

அட மடையா என்று என்னையே சொல்லிக்கொண்டேன். ஒயர்! பேட்டரி வண்டியின் முன்கோடியில் இருக்கிறது. கன்ட்ரோலரும் குளிர்பெட்டியும் பின்கோடியில். நடுவே தரைக்கு அடியில் நீளமாக ஒல்லி ஒயரை இழுத்துவிட்டிருக்கிறார்கள். போகிற வழியிலேயே கரண்ட் களைத்துவிடுகிறது. பேனலிலிருந்து போகும்போதும் அதே வழி, அதே கதை. கன்ட்ரோலர் தன் பக்கத்து அளவைப் பார்த்து வயிறு நிறைந்தது என்கிறது. முன்கோடியில் பேட்டரி அரைப் பட்டினி. யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் தூரத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரிசெய்வது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. பேட்டரியைத் தூக்கிப் பின்னால் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, விரல் பருமனுக்கு இரண்டு முழம் ஒயர் போட்டால் தீர்ந்தது. அரை நாள் வேலை.

எழுந்திருக்கவில்லை. அங்கேயே அவள் படுக்கப்போகும் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். தலைமாட்டில் ஒரு கொக்கி போட்டு ஊசிப் பையை மாட்டியிருந்தாள். நான் இப்போது வாயைத் திறந்தால் இவள் போய்விடுவாள். திறக்காவிட்டால் நாளைச் சாயங்காலம் வேறு ஆள் போவான், இவள் வீட்டில் இருப்பாள், ஊசி வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும். நான் யாரையும் தடுக்க வேண்டியதில்லை, கத்த வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

மல்டிமீட்டரை உறையில் போட்டேன். இருக்கையை இறக்கி மூடினேன். வீட்டுக்குள் வந்து மோர் கேட்டுக் குடித்தேன்.

சாயங்காலம் கோமதி செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "அப்பா, ஏதாவது கெடச்சுதா?"

"இல்லம்மா."

செல்வி என்னையே பார்த்தாள். என்னுடன் இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்துகிறவள், நான் சொல்கிற பொய் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு இரண்டு அப்பளம் அதிகமாக வைத்தாள்.

6

சனிக்கிழமை காலை கோமதி வண்டிக்குள் உட்கார்ந்து மைக்குகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளோடு கொண்டுபோவதற்கு இல்லை, திருப்பிக் கொடுப்பதற்கு. ஷிபு-தா வழக்கம்போல் டீயோடு வந்தார். தபன்-தாவையே ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டினால் என்ன என்று கேட்டார்.

"தேவையில்லை காக்கு," என்றாள் வங்காளியில், சித்தப்பா முறை வைத்து. "அப்பாவுக்கே கிடைக்கவில்லை என்றால் யாருக்கும் கிடைக்காது."

எனக்குச் சாப்பிட்ட இட்லி நெஞ்சில் நின்றது. யார் மேலாவது பாய வேண்டும்போல் இருந்தது. அந்தத் தபன்-தா மேல் பாய்ந்தேன்.

"எந்த முட்டாள் பேட்டரியக் கொண்டுபோய் முன்னால வச்சான்? அந்த எலக்ட்ரீஷியனுக்கு அறிவு வேண்டாம்?"

கோமதி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதானே வைக்கச் சொன்னே."

"நானா?"

"ஃபோன்ல. கல்யாண வீட்டுல இருந்து. பேட்டரி, பேனல் எப்படின்னு கேட்டேன். பேட்டரி முன்னாடி, பேனல் பின்னாடி, மாத்திராத, மாத்துனா கன்ட்ரோலர் போயிரும்னு கத்துனே. தபன்-தா ஒத்துக்கவே இல்லப்பா. பேட்டரி ஃப்ரிட்ஜ் பக்கத்துல இருந்தாத்தான் நல்லதுன்னாரு. நான் ஒரு மணி நேரம் சண்ட போட்டேன். எங்கப்பா முப்பத்து மூணு வருஷம் ரயில்ல பேட்டரி பாத்தவரு, காரணம் இல்லாம சொல்ல மாட்டாருன்னு."

நான் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒயர் கொடுக்கும்போது பேட்டரியை முதலில் இணைக்க வேண்டும், பேனலைப் பிறகு இணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் குழம்பிவிடும், சில சமயம் எரிந்தும் போகும். அதைத்தான் கத்தினேன். நமக்கு முன்னாடி என்றால் முதலில் என்றும் ஆகும், முன்பக்கம் என்றும் ஆகும். பின்னாடியும் அப்படியே. வங்காளியில் அப்படி இல்லை. முதலில் என்பதற்கு 'ஆகே'. முன்பக்கத்துக்கு 'ஷாம்னே'. பிறகு என்பதற்கு 'பொரே'. பின்பக்கத்துக்குப் 'பேச்சோனே'. இரண்டும் இரண்டு சொல். அவளுக்குத் தெரிந்த முன்னாடி, செருப்பு வாசலுக்கு முன்னாடி கிடக்கு என்கிற முன்னாடி மட்டும்தான். அது ஒன்றைத்தான் நாங்கள் வீட்டில் கொடுத்திருக்கிறோம்.

அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, அர்த்தம் புரியாவிட்டாலும், அப்பா சொன்னது என்று ஒரு தொழில்காரனோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். கடைசிவரை என் வார்த்தைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். நான் அதே வண்டிக்குள் உட்கார்ந்து அவளிடம் 'இல்லம்மா' என்று சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கம் பெட்டிக்குள் தலையை விட்டபோதுகூட எனக்கு இருந்ததில்லை.

"அது ஷாம்னே இல்லம்மா," என்றேன். "ஆகே. மொதல்ல பேட்டரி, பொறவு பேனல். அதைச் சொன்னேன்."

அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல வந்தது. "ஓ மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ அதுதான் கோளாறா? ஒயர் நீளமா?"

"அதுதான். பேட்டரியப் பின்னால கொண்டுபோயி, தடி ஒயர் போட்டாச் சரியாயிரும்."

"இப்பத்தான் தெரிஞ்சுதா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"நேத்தே தெரியும்," என்றேன்.

சிரிப்பு நின்றது. ஷிபு-தாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

"அப்புறம் ஏன் இல்லன்னே?"

"சொன்னா நீ போயிருவே. எனக்குப் பயமா இருக்கு மிஷ்டி."

நான் அவளை அந்தப் பெயரில் கூப்பிட்டதே இல்லை. அது தெருக்காரர்கள் பெயர். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் கையில் இருந்த மைக்கைச் சுற்றி முடித்தாள். பெட்டியில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? நான் தினம் ராத்திரி அலாரம் வச்சு முழிச்சு சர்க்கரை பாக்கறேன். வீட்லயும் அதேதான், வண்டியிலயும் அதேதான். பயம் எங்க வச்சாலும் கூடவே வரும்ப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபமாகத்தான் துடைத்தாள். "அந்த மோட்டா ஒயர் எங்க கெடைக்கும்? சாந்தினிச் சந்தையா? எந்திரி, போலாம்."

மெட்ரோவில் போய் வரும்வரை என்னோடு பேசவில்லை. நான் ஒயரைக் கடித்துக்கூடப் பார்த்து வாங்கினேன், செம்புதானா என்று. அதற்கும் சிரிக்கவில்லை.

பேட்டரியைத் தூக்க ஷிபு-தா ஒரு கை கொடுத்தார். தூக்குவதற்கு முன் பேனல் ஒயரைக் கழற்றிவிட்டோம். பின்கோடியில் குளிர்பெட்டிக்கு ஒட்டினாற்போல் பேட்டரியை இறக்கி வைத்தோம். ஒயர் முனையில் லக் என்கிற செம்பு வளையத்தை வைத்து அழுத்தினேன். திரும்ப இணைக்கிற நேரம் வந்தது. ஸ்பானர் அவள் கையில் இருந்தது. நான் அசட்டுத் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, என்னுடைய கேவலமான வங்காளி உச்சரிப்பில் சொன்னேன்:

"ஆகே பேட்டரி. பொரே பேனல்."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல், பல்லைக் கடித்து நட்டை முடுக்கிக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"முன்னாடி பேட்டரி. பின்னாடி பேனல். புரிஞ்சுது போ."

சாயங்காலம் நான்கு மணிக்குப் போன் செய்து வருகிறேன் என்று உறுதி சொன்னாள். செல்வி அதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படிக்கு வந்து என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"நீங்க வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. பருப்புப் பொடி இடித்துக்கொண்டிருந்தாள்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை தெர்மாமீட்டர் ஐந்து காட்டியது. திங்கட்கிழமை காலை நான்கு. பாட்டில் தண்ணீரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. களைப்பாக இருந்தது. ஒரு காரியத்தை நன்றாகச் செய்துவிட்டோம், அதையும் நமக்கு எதிராகவே செய்தோம் என்கிற களைப்பு.

மருந்துப் பெட்டியைச் செல்விதான் கொண்டுவந்து குளிர்பெட்டிக்குள் அடுக்கினாள். மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். "ஏட்டி, நேரத்துக்குச் சாப்பிடணும், கேட்டியா," என்றாள். கோமதி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏதோ வங்காளியில் முணுமுணுத்தாள். செல்வி தமிழில் திட்டினாள். இருவரும் அழுதார்கள். தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஷிபு-தா நெற்றியில் கைவைத்து "துக்கா, துக்கா" என்றார். துர்க்கையம்மா காப்பாற்று என்று பயணம் போகிறவர்களுக்கு இங்கே சொல்வது.

கோமதி டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசியிருக்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று. பேனலைத் துடை, நிழலில் நிறுத்தாதே, லக்கைத் தொட்டுப் பார், சுடக் கூடாது.

எஞ்சினைக் கிளப்பினாள். ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அப்பா, நீ பின்னாடி வா."

எங்கள் தெரு குறுகல். வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினால்தான் மெயின் ரோட்டுக்குப் போக முடியும். நான் சரி என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவசர அவசரமாக வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். ஸ்கூட்டர் எதுவும் இல்லை. கையை உயர்த்தி, "வரலாம், வரலாம்!" என்று கத்தினேன்.

வண்டி நகரவில்லை. கோமதி ஜன்னல் வழியாகத் தலையை முழுதாக வெளியே நீட்டி என்னைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"ஐயோ, அந்தப் பின்னாடி இல்லப்பா! பொரே! ஒரு மாசம் கழிச்சு. நீயும் அம்மாவும். பொரே ஏஷோ!"

பிறகு வா என்றிருக்கிறாள். நான்தான் வண்டிக்குப் பின்னால் வந்து நிற்கிறேன். இரண்டு நாளுக்கு முன் கற்றுக்கொண்ட சொல்லை அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

"வாறோம்," என்றேன். அவளுக்குக் கேட்டிருக்காது என்று அதையே வங்காளியில் "ஆஷ்போ!" என்று இன்னொரு தடவை கத்தினேன். வண்டி இன்னும் திரும்ப வேண்டியிருந்தது. உயர்த்திய கையை இறக்காமல் அங்கேயே நின்று, வலது பக்கம் ஒடிக்கச் சொன்னேன்.